தானே மூளும் தீ

"சேர், காற்றே இல்லாத அந்தரத்திலே ரொக்கட்டுக்கு நெருப்பு வைப்பவர் யார்?"

இந்த வினாவை எம்மிடம் கேட்டவர் உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயிலும் மாணவர் ஒருவர். கேட்ட இடம் வெள்ளவத்தைப் புகையிரத நிலையம். ஒரு புறம் கடல். மறுபுறம் காலி வீதியை நோக்கி ஏறும் ஒழுங்கைகள். கோட்டைக்குச் செல்லும் மாலை வண்டி வழக்கம்போலத் தாமதித்திருந்தது. ஆதலால் விடை கூற எமக்குப் போதிய அவகாசம் கிடைத்தது. அன்று கூறத் தொடங்கியதையே சற்று விரித்து இங்கே எழுதுகின்றோம்.

விடையின் முதற் பகுதி எம் கண்முன்னிருந்த தண்டவாளத்திலேயே இருந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாடு இலங்கைக்கு வழங்கிய டீசல் எஞ்சின்கள் 1954ஆம் ஆண்டு முதல் இங்கு வந்து சேர்ந்தன. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார்கள். நீராவி எஞ்சினாயின், அதற்கு நெருப்பு மூட்டுவதற்கென ஒருவர் வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னரே வந்தாகவேண்டும். டீசல் எஞ்சினுக்கோ நெருப்பு வைப்பவரும் இல்லை. பெற்றோல் எஞ்சினில் உள்ளது போன்ற மின்பொறியும் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பியின் அடிப்பாகம் சூடேறுவதை நாம் அனைவரும் தொட்டு அறிந்திருக்கின்றோம். அதே சூட்டைத்தான் டீசல் எஞ்சினும் பயன்படுத்துகின்றது. காற்றைப் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சடுதியாக நெருக்கினால் அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். அக்காற்றினுள் எண்ணெயைத் தூவியவுடன் அது தானாகவே தீப்பற்றிக்கொள்கின்றது.

தீப்பற்றுவதற்குச் சுடர் ஒன்று வேண்டும் என்று நாம் எண்ணுவது பழக்கத்தினால் வந்த எண்ணமேயன்றி இயற்கையின் விதியன்று. வேண்டுவது வெப்பம். வேள்விக்கு அரணி கடைந்து தீயெடுத்த நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். அங்கே விளக்கும் இல்லை, நெருப்புக்குச்சியும் இல்லை. கட்டையோடு கட்டை உரைசியதால் எழுந்த வெப்பமே தீயாயிற்று. எரியக்கூடிய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதனைக் கடந்து காற்றையோ ஒட்சிசனையோ சந்தித்தால் அது யாருடைய அனுமதிக்கும் காத்திராது எரியத் தொடங்கும்.

ஆயின் தானே மூளும் தீ எப்பொழுதும் வேண்டப்படுவதில்லை. எண்ணெய் நிலையங்களில் 92, 95 என்று ஒக்டேன் எண்களைக் காண்கின்றோம். அவ்வெண்கள் பெற்றோல் தானாகத் தீப்பற்றுவதை எவ்வளவு எதிர்த்து நிற்கின்றது என்பதைக் குறிப்பவை. பெற்றோல் எஞ்சினிலே பொறி பிறக்குமுன்னரோ, சுடர் வந்து சேருமுன்னரோ கலவை தானாக மூண்டால் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். நாளடைவில் உள்ளுறுப்புகள் சிதையும். ஒரே நிகழ்ச்சி டீசல் எஞ்சினிலே உயிர். பெற்றோல் எஞ்சினிலே நோய். இந்த இரட்டைத் தன்மையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

அடுப்படியில் ஒரு பாடம்

தீ மூள்வதிலே வெப்பத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது காலம். வீட்டிலே எரிவாயு அடுப்பைத் திறக்கின்றோம். முதல் நெருப்புக்குச்சி ஈரத்தில் நனைந்து போனதால் பற்றவில்லை. இரண்டாவது குச்சியைத் தேடியெடுத்து உரைசுகின்றோம். உடனே 'பொக்' என்ற ஓசையுடன் தீ எழும்பி, சில வேளைகளில் புருவ மயிரையும் பொசுக்கிவிடுகின்றது. முதற் குச்சிக்கும் இரண்டாவது குச்சிக்கும் இடையே திரண்டு நின்ற வாயு அனைத்தும் ஒருங்கே எரிந்ததுதான் காரணம். முதற் குச்சி தவறினால் திருகை மூடி, வாயு கலைந்த பின்னரே அடுத்த குச்சியை எடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனாலேயே. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இந்நாட்டின் பல பாகங்களிலும் சமையல் எரிவாயு விபத்துகள் அடுத்தடுத்து நேர்ந்தபோது, கொழும்பிலே பல வீடுகளில் அடுப்பைத் திறப்பதற்கே கை நடுங்கியது நினைவிருக்கலாம்.

ரொக்கட் எஞ்சினிலும் இதே அபாயம் உண்டு. எரிபொருளும் ஒட்சிசனும் உள்ளே வந்த பின்பு தீ மூளுவதற்குச் செக்கனில் ஒரு சிறு பங்கு தாமதித்தாலும், திரண்டு நின்ற கலவை ஒருங்கே வெடித்து எஞ்சினையே பிளந்துவிடலாம். மூளாமலே போனாலோ பயணம் அத்துடன் முடிந்தது. கோடிக்கணக்கான ரூபாவும் பல்லாண்டு உழைப்பும் அந்தச் சிறு கணத்திலே தொங்கிக்கொண்டிருக்கின்றன.

இனி, நாம் பேசப்போகும் எரிபொருள் ஐதரசன். கொழும்புக்கு அது புதிய விருந்தாளியன்று. புறக்கோட்டையிலே 'கேஸ் வேர்க்ஸ் வீதி' என்றொரு தெரு இன்றும் இருக்கின்றது. துணி வாங்கவும் பாத்திரம் வாங்கவும் அவ்வழியே செல்பவர்களுள் எத்தனை பேர் அப்பெயரை எண்ணிப் பார்த்திருப்பார்கள்? மின்விளக்கு வருமுன்னர் நகரங்களிலே தெருவிளக்குகளை எரித்த வாயு, நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கி எடுக்கப்பட்டது. அவ்வாயுவிலே ஏறத்தாழச் சரிபாதி ஐதரசனே. ஐதரசன் நிறைந்த எரிவாயு என்றதும் ஏதோ நூதனப் பொருள் என்று மாணவர்கள் மருள வேண்டியதில்லை.

மகேந்திரகிரியின் கதை

இக்கடலுக்கு அப்பால், திருநெல்வேலி மாவட்டத்திலே, பணகுடிக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே மகேந்திரகிரி இருக்கின்றது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன்னுடைய திரவ எரிபொருள் எஞ்சின்களை நிலத்திலே பூட்டிவைத்து எரித்துச் சோதிக்கும் இடம் அது. இலங்கையருக்கும் இந்த ரொக்கட்டுகளுக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. ஆந்திரக் கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவத்தை நோக்கிச் செல்லும் ரொக்கட் நேரே பறந்தால் எம் தீவின் மேலாகப் பறக்கவேண்டிவரும். அதனைத் தவிர்ப்பதற்காக அது கிழக்கே சென்று, பின்னர் வழி வளைந்து தெற்கே திரும்புகின்றது. அதனால் எரிபொருள் வீணாகின்றது. சிறிய ரொக்கட்டுகளையாவது இச்சுற்றுவழியின்றி ஏவுவதற்காகத் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்திலே புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எம் தீவு சும்மா கிடந்தபடியே அயல்நாட்டின் கணக்கை மாற்றியிருக்கின்றது!

பாரமான செய்மதிகளை உயரத்துக்கு அனுப்புவதற்கு ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த எஞ்சினே சிறந்தது. இரண்டையும் திரவமாக்கவேண்டும். ஒட்சிசன் பூச்சியத்துக்குக் கீழே 183 பாகையிலும், ஐதரசன் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகையிலும் திரவமாகின்றன. அத்தகைய எஞ்சினின் நுட்பத்தை ரஷியாவிடமிருந்து பெறுவதற்கு இந்தியா 1991இல் உடன்படிக்கை செய்தது. அமெரிக்காவின் எதிர்ப்பினால் நுட்பத்தைக் கைமாற்றும் பகுதி 1993இல் கைவிடப்பட்டது; செய்து முடித்த எஞ்சின்கள் மாத்திரம் கிடைத்தன. எனவே இந்தியர் தாமே அதனை ஆக்க முற்பட்டனர். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

அந்த எஞ்சினின் அமைப்பே இக்கட்டுரைக்கு உயிர்நாடி. அதிலே எரியறை ஒன்றன்று, இரண்டு. முதலாவது சிறிய அறை. அதனுள் ஐதரசனை ஏராளமாகவும் ஒட்சிசனைச் சிறிதளவாகவும் விடுகின்றனர். ஒட்சிசன் போதாமையால் ஐதரசனிற் பெரும்பகுதி எரியாமலே எஞ்சுகின்றது. முழுவதும் எரிந்தால் வெப்பம் 3,000 பாகையளவுக்கு ஏறி பெரும்பாலான உலோகங்களை உருக்கிவிடும். குறையாக எரிவதால் வெப்பம் சில நூறு பாகைகளோடு நின்றுகொள்கின்றது. நீராவியும் எரியாத ஐதரசனும் கலந்த இந்தச் சூடான வாயு, பம்பிகளைச் சுழற்றும் சக்கரத்தின் தகடுகளைத் தள்ளிவிட்டு, வீணாகாமல் இரண்டாவது அறையாகிய பெரிய எரியறைக்குச் செல்கின்றது. அங்கே எஞ்சிய ஒட்சிசனுடன் சேர்ந்து முற்றாக எரிந்து ரொக்கட்டை உந்துகின்றது. அரைவேக்காட்டில் இறக்கிய சோற்றை மீண்டும் தாளித்து முழுச்சாதமாக்கும் சிக்கனமான இல்லத்தரசியின் வேலை என்று இதனைக் கூறலாம்.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அந்த எஞ்சின் முதன்முறையாக வானேறியது. கீழ்நிலைகள் இரண்டும் குறைவின்றி வேலை செய்தன. மேல்நிலையிலே தீயும் மூண்டது. ஆயின் திரவ ஐதரசனை முதலிலே தள்ளிக் கொடுக்கும் துணைப் பம்பி நிமிடத்துக்கு 34,800 சுற்று என்னும் வேகத்தை எட்டிய பின்னர் தளர்ந்து, ஒரு சில செக்கன்களுக்குள் நின்றுவிட்டது. எரிபொருள் வராத எஞ்சின் அணைந்தது. ரொக்கட்டும், அது சுமந்து சென்ற ஜிசாட்-4 என்னும் செய்மதியும் கடலில் வீழ்ந்தன. ஆராய்ந்த குழுவினர், சுழலும் தண்டு இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது சுழற்சக்கரத்தின் உறை பிளந்திருக்கலாம் என்று கருதினர்.

சாதாரணமாக இத்தகைய செய்தியை நாம் 'தோல்வி' என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகின்றோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மகேந்திரகிரியிலே நடந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். பம்பியின் அமைப்பைத் திருத்தினார்கள். உயரத்திலுள்ள வெறுமையை நிலத்திலேயே உண்டாக்கி, அதனுள் தீ மூளும் ஒழுங்கைச் சோதித்தார்கள். 2013 ஆகஸ்டிலே, புறப்பட வேண்டிய நாளன்றே எரிபொருட் கசிவு கண்டு ரொக்கட்டைத் திருப்பியழைத்தார்கள். 2014 ஜனவரி 5ஆம் நாள் அவ்வெஞ்சின் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்கள் தளராது எரிந்து செய்மதியைச் சேர்த்தது. அதன் பின்னரும் 2021 ஆகஸ்ட் 12ஆம் நாள் வால்வு ஒன்றின் கசிவினால் ஐதரசன் தாங்கியில் அமுக்கம் குறைந்து, எஞ்சின் சரிவர இயங்காமல் மற்றொரு பயணம் வீணாயிற்று. குளிர் எஞ்சினின் தொடக்கக் கணம் எத்துணை இரக்கமற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இப்போது நிலாவுக்குச் செல்லும் பெரிய ரொக்கட்டில் உள்ள வேறோர் எஞ்சினை வெறுமையிலே மீண்டும் மீண்டும் மூட்டுவதற்கு வழி தேடுகின்றார்கள். 2025 பெப்ரவரியில் பல உறுப்புகள் கொண்ட புதிய தீமூட்டி ஒன்றை மகேந்திரகிரியிலே சோதித்தனர்.

இங்கே மாணவர் குறுக்கிட்டார். "முதல் அறையிலிருந்து வரும் வாயு முன்னரே சூடாகத்தானே வருகின்றது? பெரிய அறையிலே அதற்குத் தீமூட்டி எதற்கு?" என்றார். நல்ல வினா. ஐதரசன் காற்றிலே தானாகத் தீப்பற்றும் எல்லை 500 பாகைக்குச் சற்று மேலே இருக்கின்றது. வாயு அவ்வெல்லையைத் தாண்டிய சூட்டுடன் வந்தால், ஒட்சிசனைக் கண்ட மாத்திரத்தில் தானே மூண்டுவிடும். ஆயின் எஞ்சின் தொடங்கும் முதற்கணத்தில் எல்லாம் உறைகுளிராக இருக்கும். வாயுவும் முழுச் சூட்டை எட்டியிராது. எனவே, அபாயத்துக்கு அஞ்சித் தனித் தீமூட்டி வைக்கின்றனர். அதனை அகற்றிவிட முடியுமாயின், பாரமும் குறையும். எத்தனை முறை வேண்டுமாயினும் எஞ்சினை மீண்டும் மூட்டலாம்.

சுடரும் அதிர்வெடியும்

இந்த எண்ணத்தைச் சில ஆய்வாளர் இப்போது வேறொரு வகை எஞ்சினிலே பொருத்திப் பார்க்கின்றனர். அதனை விளக்குவதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1881ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டிலே பெர்த்தலோ, வியேய் என்னும் இருவரும், மலார், லெ சற்றலியே என்னும் வேறு இருவரும், குழாயினுள் அடைத்த வாயுக் கலவை எரியும் விதத்தை ஆராய்ந்தனர். வழக்கமான சுடர் மெல்ல ஊர்ந்து செல்வது. சில சமயங்களில் அதே கலவை ஒலியினும் பன்மடங்கு விரைவாகப் பாய்ந்து எரிவதை அவர்கள் கண்டனர். அங்கே தீயைப் பரப்புவது சூடன்று, அமுக்கம். முன்னே பாயும் அதிர்ச்சி அலை தன் வழியிலுள்ள கலவையை நெருக்கிச் சூடாக்குகின்றது; அது தானே மூள்கின்றது; மூண்ட எரிவு அலையைப் பின்னின்று தள்ளுகின்றது. டீசல் எஞ்சினிலே ஆடுதண்டு செய்யும் வேலையை இங்கே அலையே செய்கின்றது. இதனை 'அதிர்வெடி' என்போம்.

இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை எம்மூர்க் கணக்கிலே கூறுவோம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு குழாய் போட்டு, அதனுள் ஐதரசனும் காற்றும் கலந்து நிரப்பியதாகக் கற்பனை செய்க. சுடர் செக்கனுக்கு இரண்டு, மூன்று மீற்றர் வேகத்தில் ஊர்ந்தால் கொட்டாஞ்சேனையை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். காலி வீதியில் மாலைநேரப் பேருந்தின் வேகமும் ஏறக்குறைய அதுவேயென்பது எம் அனுபவம்! அதிர்வெடியோ செக்கனுக்கு ஏறத்தாழ 2,000 மீற்றர் செல்வதால் ஐந்து செக்கனில் போய்ச் சேர்ந்துவிடும்.

அதிர்வெடி தானே நெருக்கி, நெருக்கிய அமுக்கத்திலேயே எரிப்பதால், அதே அளவு எரிபொருளிலிருந்து அதிக வேலையைப் பெறலாம் என்று செல்டோவிச் என்னும் ரஷிய அறிஞர் 1940இல் எடுத்துக் காட்டினார். ஆயின் ஒரு முறை பாய்ந்து முடிந்துவிடும் வெடியை வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டுவது எப்படி? குழாயை வளையமாக வளைத்துவிட்டால் அலைக்கு முடிவே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய இடைவெளியிலே அலை செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது கடந்து சென்ற இடத்திலே புதிய எரிபொருள் வந்து நிறையும்; சுற்றி மீண்டு வரும்போது அதனை எரித்துக்கொண்டு செல்லும். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வொய்ட்சேகொவ்ஸ்கி என்பார் சைபீரியாவின் நோவொசிபிர்ஸ்க் நகரிலே இத்தகைய சுழலும் அதிர்வெடியை நடத்திக் காட்டினார். நெடுங்காலம் அது ஆய்வுகூடத்து விந்தையாகவே கிடந்தது. 2021 ஜூலை 27ஆம் நாள் யப்பானியர் சிறிய ரொக்கட் ஒன்றிலே இவ்வகை எஞ்சினை விண்வெளியில் ஏறத்தாழ ஆறு செக்கன் எரித்தனர். 2023இல் அமெரிக்காவின் நாசா நிலையம் நிலத்திலே 251 செக்கன் எரித்தது.

வளையத்தின் விட்டம் 10 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர். அலை செக்கனுக்கு 2,000 மீற்றர் செல்லுமாயின், ஒரு செக்கனில் ஆறாயிரம் முறைக்கு மேல் சுற்றிவிடும். ஒரு முறை மூட்டினால் போதும், பின்னர் அலை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஆயின் அந்த முதல் மூட்டுக்கு, பெரும்பாலும் பொறிபூட்டிய ஒரு தனிக் குழாயிலே சிறு அதிர்வெடியை உண்டாக்கி வளையத்தினுள் பாய்ச்சுகின்றார்கள். மாணவர் கேட்ட வினா இங்கேதான் பொருந்துகின்றது. மகேந்திரகிரி எஞ்சினிலே உள்ளது போன்ற, ஐதரசன் நிறைந்த சூடான வாயுவையே இவ்வளையத்தினுள் விட்டால், அது ஒட்சிசனைச் சந்தித்துத் தானே மூண்டு, மூண்ட தீ தானே அதிர்வெடியாகித் தானே சுழலத் தொடங்குமா?

தொடங்குமாயின் அது நிகழக்கூடிய விதம் இது. முதலிலே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு தீக்கள் மூளும். அவற்றிலிருந்து எழும் அமுக்க அலைகள் வளையத்தினுள் எதிரும் புதிருமாக மோதும். மோதலிலே வலுத்தது நிலைக்கும், மெலிந்தது மறையும். இறுதியிலே நிலைத்த அலை இடஞ்சுழியாகவும் செல்லலாம், வலஞ்சுழியாகவும் செல்லலாம். அதனை முன்கூட்டிக் கூறுவது கடினம்.

ஆயினும் முன்னே நாம் நினைவிருத்தச் சொன்ன இரட்டைத் தன்மை இங்கே தலைகாட்டுகின்றது. தீயை மூட்டித் தரும் அதே சூடு, மூண்ட பின்னர் பகையாகவும் கூடும். அலை ஒரு முறை சுற்றி வருவதற்கு, நாம் மேலே கொண்ட வளையத்திலே, செக்கனில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகின்றது. புதிதாக நுழைந்த கலவை அலை வரும்வரை அந்தச் சிறு பொழுது பொறுத்திருக்க வேண்டும். வாயு மிகச் சூடாயிருந்தால் அது பொறுக்காது. நுழைந்த வாயிலிலேயே சாதாரணச் சுடராக எரிந்து முடிந்துவிடும். விருந்தாளி வருமுன்னரே பந்தியை முடித்துவிட்ட கதையாக, அலை வந்து பார்க்கும்போது இலையில் ஒன்றும் இராது. அலை மெலியும், சில வேளை அடியோடு அணையும். அது பெற்றோல் எஞ்சினின் நோயே. வாயு சூடு குறைந்திருந்தாலோ தானே மூளாது திரண்டு நின்று, அடுப்படியிலே கேட்ட 'பொக்' ஓசையைப் பேரோசையாக எழுப்பும். ஆகவே வாயுவின் சூடு, அதிலுள்ள நீராவியின் அளவு, ஒட்சிசன் நுழையும் துளைகளின் பருமன், வளையத்தின் சுற்றளவு ஆகிய யாவும் ஒன்றோடொன்று இசையவேண்டும். நீராவிக்கு இதிலே தனிப் பங்குண்டு: அது எரியாது, வெப்பத்தைத் தன்னுள் வாங்கி எரிவை மந்தப்படுத்தும். குறையென்று எண்ணத்தக்க அதுவே, கலவையைச் சற்றுப் பொறுத்திருக்கச் செய்யவும் உதவக்கூடும்.

எம் கருத்தைக் கேட்டால், பொறியியலிலே இதனினும் நேர்த்தியான கயிற்று நடை அரிது. சூட்டிலே சில பாகை அப்பால் சென்றாலும் வீழ்ச்சி. இப்பால் நின்றாலும் வீழ்ச்சி.

இவ்வளவையும் கூறி முடிக்குமுன்னர் தெற்கே தெகிவளைப் பக்கத்தில் வண்டியின் விளக்குத் தெரிந்தது. மாணவர் தம் கொப்பியின் பின்னட்டையிலே ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "வளையத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் கலவை இரண்டு மடங்கு நேரம் பொறுத்திருக்க வேண்டும் அல்லவா, சேர்? அப்படியென்றால் பெரிய எஞ்சினுக்குச் சூடு குறைந்த வாயுவே வேண்டும்" என்றார். வளையத்தினுள்ளே இரண்டு அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றினால் என்னவாகும் என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவர் மீண்டும் குனிந்து எழுதத் தொடங்கினார். வண்டி வந்து நின்றது. வாயில்வரை ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தமையால் நாம் அடுத்த வண்டியிலேயே சென்றோம்.